சின்ன ஈ, பெரிய ஈ

மூவாயிரம் ரூபாய்க்குப் பதிலாக வந்தது கிட்டார்.
இரண்டாம் நம்பர் லேத்தில் என்னோடு நின்ற பசவராஜு
வேலையை விட்டுத் தும்கூருக்குக் கிளம்பிய அன்று
பீன்யா செகண்ட் ஸ்டேஜ் டீக்கடையில் கொடுத்தான்.
உறையில் ஜிப் போயிருந்தது.
உள்ளே நாலாய் மடித்த ஒரு தாள்,
ஆறு கோடு, கோட்டின் மேல் எண்கள்.
"ஓதக்கெ பருத்தா அண்ணா?"
படிக்க வருமா என்று,
இருபத்திரண்டு வருஷமாய் டிராயிங் படிப்பவனிடம்.

தாசரஹள்ளி. மூன்றாம் மாடி.
தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
ஆறு கோடு, ஆறு கம்பி.
எண் என்றால் எத்தனையாவது மெட்டு
(கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைக்கும்
மெட்டு என்றுதான் பெயர்).
சைபர் என்றால் அழுத்தாதே, சும்மா மீட்டு.
பெருக்கல் குறி என்றால் கம்பியின் வாயைப் பொத்து.
மேல் கோடு மேல் கம்பி,
என் தாடைக்குக் கிட்டே இருக்கிற தடித்த கம்பி.
இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?
கோடுகளின் வாசலில் எழுத்துகள் இருந்தன:
உச்சியில் சின்ன ஈ, அடியில் பெரிய ஈ.
சாப்பாட்டில் உட்கார்ந்ததை ஓட்டுவதுபோல
இரண்டையும் ஓட்டிவிட்டேன்.

விரல் நுனி எரியும் என்று சொல்லியிருந்தான்.
எரியவில்லை.
கம்பெனி வாசலில் ரேகை மெஷினே
என்னுடையதை விரல் என்று ஒப்புக்கொள்வதில்லை,
எனக்கு மட்டும் இன்னும் ரிஜிஸ்டர்.
உறுத்தியது வேறு.
எங்கே வைப்பது என்று சொல்கிற தாள்
எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று சொல்லவில்லை.
டாலரன்ஸ் போடாத டிராயிங்கை
வந்த வழியே திருப்பி அனுப்புகிறவன் நான்.
இதை யாருக்கு அனுப்ப?

பதினோரு நாள்.
ஐந்து, மூன்று, சைபர். மூன்று, மூன்று, சைபர்.
மோதிர விரல் வரை வந்துவிடும்.
சுண்டுவிரல் மட்டும் ஒவ்வொரு தடவையும்
பஸ்ஸைத் தவறவிட்டவன்போல
பின்னாலேயே ஓடிவரும்.
மேம்பாலத்தில் மெட்ரோ போகிறவரை நிறுத்திவிட்டு
மறுபடி ஐந்து, மூன்று, சைபர்.
ஒன்பதாம் நாள் பிலோமினா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே
"பரவால்லியே, யாரோ ஊருக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள்.
பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பன்னிரண்டாம் நாள்
கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டுத்
தூசி துடைக்கக் குனிந்தேன்.
தடித்த கம்பி வயிற்றோரம்,
மெல்லிசுக் கம்பி தூரத்தில்.
நிமிர்ந்தேன். சுவரிலும் அதேதான்.
அது பிளான்.
நான் எலிவேஷன் என்று படித்திருக்கிறேன்.
சின்ன ஈ மெல்லிசு, பெரிய ஈ தடிப்பு,
எழுதியே வைத்திருக்கிறான்.
அப்ரண்டிஸ் பையன் யாராவது இப்படிச் செய்திருந்தால்
ஒரு வாரம் இரும்புச் சுருள் அள்ள விட்டிருப்பேன்.

சரியாக வாசித்தேன்.
ஊருக்கே தெரிந்த பாட்டு,
கல்யாண பேண்டுக்காரர்கள் பந்திக்கு எழுந்து போகுமுன்
அவசரமாக அடித்து முடிப்பது.
பக்கத்து ஜன்னல் திறந்தது.
அன்றைக்கும் பீன்ஸ்தான்; கத்தி நின்றது.
"முந்தினது எங்க?"
"அது தப்பு."
"இருக்கட்டும். எங்க அது?"

தப்பைத் திரும்ப வாசித்தேன், ஒரு எண் பிசகாமல்.
தலையாட்டினாள், இல்லை என்று.
"அங்க ஒரு இடத்துல நிக்கும்."
நின்றதில்லை.
சுண்டுவிரல் வந்து சேராத நேரம் அது.
இப்போது அது
ஷிப்ட் தொடங்க முன்பே வந்து நிற்கிறது.

ரிஜெக்ட் ஆன ஜாப் கார்டின் பின்பக்கம்
ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஆறு கோடு இழுத்தேன்.
அடிக்கோட்டு எண்ணை மேலே, மேலதை அடியில்.
விரல் பிந்திய இடத்தில் ஒரு வெற்றிடம்,
இருபுறமும் அம்புக்குறி.
நடுவே அளவு எழுதவேண்டும்.
"எவ்வளவு?"
ஒரு பீன்ஸை எடுத்தாள். நுனி கிள்ளினாள்.
நார் உரித்தாள். பலகையில் வைத்தாள்.
"இவ்வளவு."

மெட்டுக்கு எண் இருக்கிறது.
மெட்டுக்கு இல்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
இன்னொரு பீன்ஸ் எடுக்கச் சொன்னேன்.