கத்தரித்த பெயர்

காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்துக்கு எதிரே
என் மருந்துக்கடை.
கல்லாவை ஒட்டி ஒரு கத்தரிக்கோல்,
துணிக்கடையில் இருப்பதைவிடச் சுறுசுறுப்பானது.

ஐந்து ரூபாய்க்கு வலி,
பத்து ரூபாய்க்குக் காய்ச்சல்.
பட்டையில் இரண்டை வெட்டிக்
காகிதத்தில் மடித்து நீட்டுவேன்.
பெயர் எந்தப் பக்கம் போயிற்று என்று
யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

முனிரத்னா சீசனுக்கு மாங்கூழ் கம்பெனிக்குப் போகிறவள்.
மேலுதட்டின் இடது ஓரத்தில் காசளவு வட்டம்,
முதலில் சிவந்து எரிந்தது,
பிறகு நாவல்பழக் கறையாக நின்றுவிட்டது.
மாம்பால் பட்டிருக்கும் என்றார் சூபர்வைசர்.
எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும் என்றாள் நாத்தனார்.
புருஷன் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் அதிகம் எரித்தது.
நான் ஒரு களிம்பு கொடுத்தேன்,
நாற்பத்திரண்டு ரூபாய்.

மார்கழியில் மாங்காய் ஏது?
அப்போதும் வந்தது.
அதே உதடு, அதே ஓரம்,
முன்னதைவிடக் கறுப்பாக.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர்
உதட்டைப் பார்த்த நேரம் கொஞ்சம்,
காலண்டரைக் கேட்ட நேரம் அதிகம்.
எந்தத் தேதியில் எரிந்தது?
அதற்கு முந்தின ராத்திரி என்ன விழுங்கினாய்?
"தூரமானா வயித்து வலிக்கு ஒண்ணு போடுவேன்.
வெள்ளையா இருக்கும். பேரு தெரியாது."
"பட்டை மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம் வந்தாள்.
மணிபர்சிலிருந்து ஒரு வெள்ளித்துண்டு,
என் கத்தரி போன அதே கோணல்,
பெயரின் வால் மட்டும் மூன்றெழுத்து.
"மீதியை எழுதிக் குடுங்கண்ணா,
டாக்டரம்மா கேக்குறாங்க."

முழுப்பட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
மெஃபனமிக் ஆசிட்.
மூன்று வருஷமாக
மாதாமாதம் நான்தான்
அவள் உதட்டில் பொட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது அவளிடம் ஓர் அட்டை இருக்கிறது.
சிவப்பு மையில் அந்தப் பெயர்,
கீழே, "இது ஆகாது. எந்த டாக்டரிடமும் முதலில் காட்டவும்."
லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்.

"அப்ப வலிக்கு என்ன பண்றது?"
கை பழக்கத்தில் அடுத்த டப்பாவுக்குப் போயிற்று.
இழுத்துக்கொண்டேன். "அதையும் அவங்களையே கேளு."
சுடுதண்ணிப் பை மட்டும் வாங்கினாள்,
பேரம் பேசி, இருபது ரூபாய் குறைத்து.

கறை மங்க நாளாகுமாம்.
கடைப்பக்கம் வரும்போதெல்லாம்
நான் அதைப் பார்க்கிறேன்,
அவள் கத்தரிக்கோலைப் பார்க்கிறாள்.