இரண்டு எஸ்

லைங்தாயாவில் மின்சாரம்
சொல்லிக்கொண்டு போவதில்லை.
ஆகவே எதையும் நான் இரண்டு தடவை சேமிப்பேன்.
ஆல்ட், எஃப், எஸ், எஸ், என்டர், என்டர்.
பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிற கை.

சட்டைக்கு வெட்டுருவம் வரையும் மென்பொருள்
ஜப்பான்காரர்களுடையது.
பட்டியல் முழுக்கத் தெரியாத எழுத்து.
ஒவ்வொரு வரியின் வாலிலும்
அடைப்புக்குறிக்குள் ஒற்றை ஆங்கில எழுத்து.
ஆறு வருடம் வாலை மட்டும் படித்தேன்.
சம்பளப் பட்டியலில் நானும் அப்படித்தான்:
மா நிலார் வின்,
அடைப்புக்குறிக்குள் செவ்வந்தி.

விசைப்பலகை யாரோ யோகோஹாமாவில்
தேய்த்துத் தீர்த்தது.
இடது மூலைக் கட்டையில் விரல் பட்டால்
திரையோரம் அவர்கள் ஊர் 'அ' சுழித்துக்கொண்டு எரியும்.
அப்புறம் குறுக்குவழி எதுவும் போகாது.
எஸ் அடித்தால் அடிக்கோட்டோடு நிற்கும்,
உயிர் வரட்டும் என்று காத்திருக்கும் மெய்யாக.
அதற்குக்கூடப் பழகிவிட்டேன்.

மார்ச்சில் புதிய பதிப்பு ஏற்றினார்கள்.
அன்று மாலையே
நூற்றிருபது அளவுப் பள்ளிச் சட்டையின் கை காணோம்.
இடக்கை, வலக்கை, பட்டி எல்லாம்.
இருபத்தெட்டாயிரம் சட்டை. வெள்ளிக்கிழமை கப்பல்.

ஒகுமுரா சான் கத்தவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி செய் என்றார்.
முதல் எஸ்ஸில் நீலப்பட்டை 'சேமி'யில் நின்றது.
இரண்டாம் எஸ்ஸில் நான்கு வரி தாவிக்
கீழே போய் நின்றது.
"சகுஜோ," என்றார். அழி.
சேமிப்பின் எஸ் ஆங்கிலத்தில் இருந்து வந்தது.
இது ஜப்பானிய வாயிலிருந்து.
அடைப்புக்குறிக்குள் போனபின்
எவர் வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்.
உறுதிதானா என்று ஒரு பெட்டி கேட்டிருக்கிறது,
மரியாதையாக, இரண்டு வரியில்.
அதற்கும் என் கை என்டர் போட்டிருக்கிறது.

இரவெல்லாம் கையை வரைந்தேன்.
அக்குளில் வளைவு சரியாக வரவேயில்லை.
விடியும்போது
வாலை விட்டுத் தலையைப் பார்த்தேன், முதல் தடவையாக.
சேமிப்பின் இடப்பக்கம் ஓர் ஆள் சாய்ந்து நிற்கிறான்.
அழிப்பின் முதல் எழுத்துக்கு
வலப்பக்கம் செங்குத்தாய் இரண்டு கோடு,
எங்கள் வெட்டுமேசைக் கத்தியும் அதன் உறையும் மாதிரி.
இரண்டையும் ஒட்டுத்தாளில் வரைந்து
திரைக்கு மேல் ஒட்டினேன்.
ஆள் இருந்தால் அடி. கத்தி இருந்தால் விடு.

இன்னமும் விரல் இரண்டாம் எஸ்ஸுக்குப் போகிறது.
பிடித்து நிறுத்தி,
ஆள் நிற்கிறானா என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள்
போய்விட்டது மின்சாரம்.