பத்தரை மணிக்கு வீடு பார்த்தல்

பகலில் எல்லா ஒழுங்கையும் நல்ல ஒழுங்கைதான்.
அதனால் தரகர் நிஸ்தாரிடம் சொன்னேன்:
என் வேலை முடிவது பத்தேகாலுக்கு,
அந்த நேரத்தில் காட்டுங்கள்.

கிருலப்பனையில் வாடகை குறைவு.
வாய்க்கால் ஓரம் மூன்று லைற் கம்பம்,
எரிவது ஒன்று.
என் செருப்புச் சத்தமே
வேறு யாரோ வருவதுபோல் கேட்டது.

பம்பலப்பிட்டியில் எட்டாம் மாடி.
காவலாளி, விரல் வைத்தால் திறக்கும் கதவு.
லிப்ட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
விழுந்து கிடந்தால்
கமரா பார்க்கும்.

வெள்ளவத்தையில் நிஸ்தாருக்கு உற்சாகம்:
"பொலிஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம், மிஸ்!"
கூட வந்த சுபோதினி
ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.
எத்தனை வருடமாயிற்று.
கை மறக்கவில்லை.

கடைசியாகத் தெஹிவளை.
சுவரெல்லாம் ஈரம், குளியலறைக் கதவுக்குக் கொக்கி இல்லை.
முனையில் கொத்துக் கடை,
தகட்டில் இரும்பு விழுந்துகொண்டே இருக்கிறது.
"நடுச்சாமம் வரைக்கும் இதுதான், நித்திரை வராது"
நிஸ்தாரே ஒப்புக்கொண்டார்.

மேல்வீட்டுப் பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்து, "கவுத?" என்றாள்.
யாரது?
முன்பும் இதே கேள்விதான், இதே மொழிதான்.
அப்போது கேட்டவர் கையில் துவக்கு.
இவள் கையில் பாதி காய்ந்த பள்ளிக்கூடச் சட்டை.

பெயரைச் சொன்னேன்.
அவளும் தன் பெயரைச் சொன்னாள்,
கொத்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

முற்பணம் நாளைக்கு.
கொக்கி இருநூறு ரூபாய்தான்,
நானே வாங்கிப் பூட்டுவேன்.