இரண்டு நிமிடம் பதினொரு நொடி

வூச் நகரத்தில், பழைய நூற்பாலையின் நான்காம் மாடியில்
ஜன்னல் இல்லாத அறை எனக்கு.
கதிர்கள் சுழன்ற இடத்தில் இப்போது வன்தட்டுகள் சுழல்கின்றன.
வேலை மாறவில்லை:
அறுந்ததை ஒட்டு, ஒட்டியதை அறு.

தொண்ணூற்றாறு நிமிடப் படம்.
ஒரு வீடு, ஒரு தாய், ஒரு சிறுமி, ஒரு நாய்,
நிலவறைக்கு இறங்கும் ஒரு கதவு.
வெள்ளிக்கிழமைக்குள் முன்னோட்டம் வேண்டுமாம் ராடெக்குக்கு.
"பார்த்தவன் அன்றிரவு விளக்கை அணைக்கக் கூடாது, கலினா."
மின்கட்டணம் அவன் கட்டப்போவதில்லை.

கல்லூரியில் படித்ததை நூல் பிடித்தாற்போல் போட்டுப் பார்த்தேன்:
முதலில் ஒரு சமநிலை.
பிறகு அது குலையும்.
குலைந்தது தெரியவரும், சரிசெய்ய ஓடுவார்கள்,
கடைசியில் வேறொரு சமநிலை.
முன்னோட்டத்துக்கு முதல் இரண்டு போதும்,
மூன்றாவது கொஞ்சம், ஒலியில்லாமல்.
மீதியையும் காட்டிவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்?

ஆனால் படத்தில் முதலாவதே இல்லை.
தொடக்கச் சட்டகத்திலேயே சுவரில் ஈரம் ஏறிவிட்டது.
தேடினேன். தொண்ணூற்றாறு நிமிடத்தில்
ஒருவர்கூட நிம்மதியாக ஒரு துண்டு ரொட்டி தின்னவில்லை.

சரி, பாத்திரங்களையாவது பிரிப்போம்.
தாய் வெங்காயம் நறுக்குகிறாள்.
கத்தியின் ஓசையை அரை நொடி முன்னே இழுத்தேன்:
எதிரி.
ஓசையை எடுத்துவிட்டுப் பியானோவில் ஒற்றைக் கட்டை:
பலியாகப் போகிறவள்.
அதே கை. அதே வெங்காயம்.
துணைவன் என்ற இடத்தில் நாயைப் போட்டேன்.
சோதனைக் காட்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில்
ஒன்பது பேர் கேட்டது: நாய் பிழைக்குமா?
அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்து, காபி குடித்தேன்.

உள்ளும் வெளியும், ஒளியும் இருளும்
என்று இரண்டிரண்டாய் அடுக்கச் சொல்கிறது இன்னொரு பாடம்.
சிறுமி எதிலும் அடங்கவில்லை.
படி தாண்டும்போது எடுத்த காட்சிகளே அதிகம்;
எந்தப் பக்கம் வைத்தாலும்
ஒரு செருப்பு வெளியே நிற்கிறது.

மூன்றாம் இரவு
வேண்டாதவை என்று ஒதுக்கிய கோப்பைத் திறந்தேன்.
ஏழாம் நாள், நான்காம் முயற்சி.
ஒலிவாங்கிக் கழியைப் பிடித்திருந்தவர் தும்முகிறார்.
சிறுமியாக நடிக்கும் யாக்னா
வசனத்தை விழுங்கிவிட்டு, வாய் நிறையப் பாலோடு
சிரிக்கிறாள், சிரிக்கிறாள்,
மூக்கு வழியே பால்.
தாயாக நடிப்பவள் மேசையில் தலைகவிழ்ந்து குலுங்குகிறாள்.

நான்கு நொடி.
தும்மலைத் துடைத்தேன். கழியின் நிழலை வெட்டினேன்.
கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டினேன்.
அதன்பின் சுவரின் ஈரம்
தானாகவே பயமுறுத்தத் தொடங்கிற்று.

கடைசியில் கதவு.
கைப்பிடி திரும்பினால் திறந்தாக வேண்டும்,
அது செயல் கொடுக்கும் வாக்கு.
திறந்தால் புதிர் செத்துவிடும்,
அது புதிரின் கெஞ்சல்.
கைப்பிடியைத் திரும்பவிட்டு, கறுப்பு வைத்தேன்.
"நாற்பதாயிரம் ஸ்லோட்டி கொட்டிச் செய்த பூதத்தைக்
காட்டாமல் விடுகிறாயா?" என்று கத்தினான் ராடெக்.
நுரை ரப்பர். முழங்கையில் தையல் தெரிகிறது.
அதனால்தான் என்றேன்.

வெளியீட்டன்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
பூதம் வந்தபோது யாரோ இருமினார்கள்.
எனக்கு முன்னால் ஒரு பெண், மகளாயிருக்கவேண்டும் பக்கத்தில்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிசுகிசுப்பு:
"அந்தப் பால் குடிக்கிற இடம் எப்போம்மா வரும்?"
"வரும், பொறு."

நாய் செத்தது. தாய் செத்தாள். கதவு எரிந்தது.
விளக்குகள் எரிந்தன.
எல்லோரும் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டு போக
அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்,
பெயர்கள் ஓடி முடியும் வரை,
என் பெயரும் ஓடி முடியும் வரை,
வெற்றுத் திரையைப் பார்த்தபடி.