மேப்பிள் விழுந்த மறுநாள்

புயல் மேப்பிளைச் சாய்த்த மறுநாள்
அயோவாவில் வெர்லா ஹௌகன்
கடற்கரைக் குடை ஒன்றை
ஹோஸ்டாப் பாத்தியில் நட்டாள்.

பதினெட்டு வருட நிழல்
ஒரே மத்தியானத்தில் விறகாகிவிட்டது.
நீல இலைகளின் மெழுகு கரைந்து
ஓரங்கள் அப்பளமாய்ப் பொரிந்தன.
ஓடில்லா நத்தைகளுக்கு வைத்த பீர்க்கிண்ணம்
காய்ந்து கிடந்தது.

வேர்கள் தண்ணீர் திருடுகின்றன என்று
அந்த மரத்தைப் போன கோடை முழுக்க
ஏசியவள்தான்.

மணிக்கொருதரம்
குடையை அரையடி நகர்த்தினாள்.

"வடக்குச் சுவரோரம் மாற்றி நடேன்"
என்றான் பக்கத்து வீட்டு டுவெயின்.
"இந்த வெயிலிலா? வேரைத் தொட்டால் செத்துப்போகும்."

ஒன்றும் சொல்லாமல் போனவன்
படகு மூடும் தார்ப்பாயோடு வந்தான்.
நாலு கம்பு, கொஞ்சம் கயிறு.

புது நிழலில்
மீன் வாடை அடித்தது.