நிலுவை

ஓலைக்கு நாற்பது ரூபாய் என்று பேச்சு.
தாழக்குடியில் ஒரு மாடியறை.
மின்விசிறி போடக் கூடாது, பொடிந்துவிடும்.
புல்தைலம் தொட்டுத் தடவினால்
எழுத்து மெல்லக் கறுத்து எழும்.
அப்படித்தான் எழுந்து வந்தார்
கோளரி பூதநாதன்,
கொல்லம் அறுநூற்று நாற்பதில்
தோவாளைப் புறத்து அதிகாரம் செய்தவர்.

முகம் கிடையாது.
உயரமா குள்ளமா, ஒரு ஓலையும் சொல்லவில்லை.
மேல்வாரம் இருநூற்றெட்டுக் கோட்டை,
வந்தது நூற்றெண்பத்து மூன்று,
நிலுவை இருபத்தைந்து.
எனக்கு அவர் பிறந்தது இந்த மூன்று வரியில்.

மறு ஆண்டு நிலுவை நாற்பத்தொன்று.
அதற்கடுத்த ஆண்டு பழையாறு கரை உடைத்து
கன்னிப்பூ முழுக்க மணல் மூடிக் கிடந்தது.
கல்குளத்துக்கு வெள்ளம் தெரியாது,
கணக்கு தெரியும்.
தொண்ணூற்றேழு என்று வந்தது ஓலை.

அப்புறம்தான் ஆள் இறங்கி நடக்கிறார்.
இறச்சகுளத்தில் உழவுமாடு நான்கு.
பூதப்பாண்டியில் ஒருவனை
மருதமரத்தில் கட்டி வைத்தது, இரண்டு பகல், ஓர் இரவு.
(அவன் பேரை எழுதவில்லை. கயிற்றின் விலை எழுதியிருக்கிறது.)
கடுக்கரை மாதேவன் குடியில்
விளிம்பு நெளிந்த உருளி ஒன்று,
ஐந்து பணத்துக்கு எடுத்தது.

அந்த ஐந்து பணத்தை
வரவுப் பக்கத்தில் மூன்று நாள் தேடினேன்.
ஏறவே இல்லை.
நாலாம் நாள், வேறொரு கட்டில்,
மகள் உலகியின் கல்யாணச் செலவில் அகப்பட்டது:
பாயசம் வைக்க உருளி ஒன்று, வீட்டிலுள்ளது.

வீட்டிலுள்ளது!
சிரித்துவிட்டேன்.
பிறகு அந்த ஓலையைக் கொஞ்சநேரம்
கவிழ்த்து வைத்திருந்தேன்.

வீட்டில் யார் யார் என்பதும்
செலவு வழியாகத்தான் தெரியும்.
மனைவி செம்பிக்கு ஆண்டுக்கு இரண்டு புடவை.
மூன்று ஆண்பிள்ளைகள், ஒருவனுக்கு வலிப்பு,
மருந்தெண்ணெய் மாதாமாதம்.
தமக்கை நங்கைக்கு நான்கு புடவை.
அவள் மகன் அரங்கன் சாத்தனுக்கு
பன்னிரண்டு வயதிலேயே எழுத்தாணி, வெள்ளிப்பிடி போட்டது.
அந்த வழக்கம் அப்படி.
மகன் அழுவான்,
மருமகன் சாவி வாங்குவான்.

மாசியில் செத்தார், கும்பப்பூ அறுப்புக்கு முன்னால்.
சாவு ஒரு வரி.
நிலுவை முந்நூற்றுப் பன்னிரண்டு,
அரங்கன் சாத்தன் பேரில் ஏற்றியது, இன்னொரு வரி.
சாத்தனின் எழுத்து அழகு.
மாமனைப்போல் கோணாது.

பதினாறு கழிந்து செம்பி
தெரிசனங்கோப்பில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள்.
உகந்துடைமை என்று பிள்ளைகளுக்கு ஒரு துண்டு வயல், மேட்டு வயல்.
மாமி கொண்டுபோனது:
பாய் இரண்டு, விளக்கு ஒன்று,
மருந்தெண்ணெய்க் குப்பி ஒன்று.
கீழே, இடம் போதாமல் சரிந்து,
உருளி கேட்டாள், கொடுக்கவில்லை.

எதற்குக் கேட்டாள்?

மூன்று ஆண்டு தள்ளி ஒரு படியோலை.
மாதேவன் மகன் நாட்டார் முன் வந்து
உருளி என் அப்பனது என்கிறான்.
சாத்தன் இல்லை என்கிறான்.
நெளிவு எப்படி விழுந்தது என்று இருவரையும் கேட்டார்கள்,
இருவரும் இரண்டு கதை சொன்னார்கள்.
தெரிசனங்கோப்புக்கு ஆள் போனது.
செம்பி வந்தாள். வெற்றிலை கொடுத்தார்கள், வாங்கவில்லை.
அவள் சொன்னதாவது

அரை விரல் அகலம் பூச்சி தின்றிருக்கிறது.
ஒளி பிடித்துப் பார்த்தேன்,
மாடிச் சுவரில் ஒரு சின்ன வெயில் விழுந்தது, அவ்வளவுதான்.
ஓட்டைக்கு அந்தப்புறம்
என்று சொல்லி எழுந்து போனாள்.

விளிம்பில் இரண்டாம் தரம் தைலம் தடவினேன்.
ஒன்றும் எழவில்லை.
நோட்டில் சிதைவு என்று எழுதினேன்.

கட்டின் கடைசி ஓலை யாரோ ஒருவர் கை,
எழுபது ஆண்டுக்குப் பின்.
உருளியைப் பற்றி ஒன்றும் இல்லை.
பூதநாதன் வகை நிலுவை,
தள்ளவில்லை, மேலே கொண்டுபோனது.