முழுகாத கணக்கு

"குளி தெற்றியிட்டு எத்ர நாளாயி?"
வண்டன்மேடு ஆஸ்பத்திரியில் ஷைனி சிஸ்டர்.
மலைக்கு அந்தப் பக்கம் குளி தவறுவது,
கம்பத்தில் நாங்கள் முழுகாமல் இருப்பது.
தேதிக்கு எங்கே போவேன்?
மூணாவது எடுப்பு முடிந்து
மெட்டில் ஜீப் பஞ்சரான மறுநாள்.
அவர் சிரிக்கவில்லை. காலண்டரைப் புரட்டினார்.

எடை நாற்பத்தொன்று.
கைமடிப்பிலிருந்து மூன்று குப்பி ரத்தம்.
மூத்திரத்துக்கு ஒரு டப்பா, மூடி சேரவில்லை.
வயிற்றைத் தொடுவார் என்று
புதுப் பாவாடை கட்டி வந்திருந்தேன்.
தொடவேயில்லை.

ஏலத்துக்கு மருந்தடிக்கையில் பக்கத்தில் நிற்பாயா?
காற்று எங்கள் பக்கம் வீசினால், என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

திரும்பும் ஜீப்பில் பதினான்கு பேர்.
வளைவுல மெதுவாப் போ, வெள்ளைப்பாண்டி.
என்னக்கா, என்னைக்கும் இல்லாம?
இரும்பு மாத்திரை மடியில் குலுங்க
தூக்கம் வருது, என்றேன்.